துவேஷம் தெருவுக்கு வரும்போது: நகரமன்ற அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் மாநகராட்சிகளிலும் நகராட்சிகளிலும் பேரூராட்சிகளிலும் மக்களின் பிரதிநிதிகளாக அமர்ந்திருக்கும் அன்பர்களே,



குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு, குப்பை, சொத்துவரி ஆகிய விஷயங்களுக்குள்ளேயே உங்கள் நாட்கள் கழிந்துவிடுகின்றன என்பதையும், அவற்றுள் ஒன்று தவறினாலும் மறுநாள் காலையில் உங்கள் வீட்டு வாசலில் ஜனங்கள் கூடிவிடுகிறார்கள் என்பதையும் அறிந்தே இந்த மடலை எழுதுகிறேன். மனிதரை மனிதர் வெறுப்பதைத் தடுக்கும் காரியம் மந்திரிகளுக்கும் போலீஸாருக்கும் நீதிமன்றங்களுக்கும் உரியது, வார்டு உறுப்பினருக்கு அதில் என்ன ஸ்தானம் என்று நீங்கள் கேட்கலாம், கேட்பது நியாயமே. ஆனால் உலகத்தின் பல நகரங்கள் இதே கேள்வியைத் தமக்குள் எழுப்பி, தமக்கும் அதில் ஸ்தானம் உண்டு என்று விடை கண்டு, கண்ட விடையைக் கடல் கடந்தும் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொடுத்து வருகின்றன. அந்த வரலாற்றை உங்கள் முன் வைத்து, முடிவில் சில விண்ணப்பங்களையும் செய்துகொள்வதே என் நோக்கம்.

நகரங்கள் கூடுவதற்கு முன்பே வெறுப்பு கூடிவிட்டது என்பதை முதலில் சொல்ல வேண்டும். 2011 ஜூலை 22ஆம் தேதி, நார்வேயின் தலைநகரான ஆஸ்லோவில் அரசாங்க அலுவலகங்களின் முன் வெடிகுண்டு வைத்து 8 பேரைக் கொன்ற ஒருவன், அன்று மாலையே போலீஸ் உடை தரித்து ஊத்தோயா என்னும் சிறு தீவுக்குச் சென்று, அங்கே தொழிற்கட்சியின் இளைஞர் முகாமில் தங்கியிருந்தவர்களுள் 69 பேரைக் கொன்றான். அந்நியர்களுக்கும் இஸ்லாமியர்களுக்கும் எதிராக அவன் எழுதிப் பரப்பிய நீண்ட பிரகடனம் அவனோடு சிறைக்குப் போய்விடவில்லை. எட்டாண்டுகள் கழித்து, 2019 மார்ச் 15ஆம் தேதி வெள்ளிக்கிழமை, உலகத்தின் மறுகோடியிலுள்ள நியூஸிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரத்தில் இரண்டு மசூதிகளில் தொழுகைக்குக் கூடியிருந்தவர்களைச் சுட்டு 51 பேரின் உயிரைப் பறித்த ஆஸ்திரேலியன், அந்த நார்வேக்காரனையே தன் ஆதர்சமாகக் குறிப்பிட்டு எழுதிவைத்திருந்தான். தன் கொலைத்தொழிலை முகநூலில் நேரலையாகக் காட்டவும் செய்தான். அதே ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் தேதி, ஆஸ்லோவை ஒட்டிய பாரும் என்னும் ஊரின் மசூதிக்குள், கிறைஸ்ட்சர்ச்சின் கொலைகாரனைப் போற்றிக்கொண்டிருந்த ஓர் இளைஞன் துப்பாக்கிகளோடு புகுந்தான். உள்ளே இருந்த முதியவர் ஒருவர் அவன்மேல் பாய்ந்து மடக்கிப் பிடித்ததால் அங்கே உயிர்கள் தப்பின. ஆஸ்லோவிலிருந்து புறப்பட்ட நஞ்சு பூமியைச் சுற்றி எட்டே ஆண்டுகளில் ஆஸ்லோவின் வாசலுக்கே திரும்பி வந்துவிட்டது.

நமக்கு அண்மையிலும் இதற்குச் சான்று உண்டு. 2018 பிப்ரவரி மாதத்தில், இலங்கையின் அம்பாறை நகரத்தில் முஸ்லிம் ஒருவரின் உணவுக்கடையில் பரிமாறிய உணவில் கருத்தடை மாத்திரை கலந்திருக்கிறது என்ற வதந்தி எழுந்தது. மாத்திரை என்று ஜனங்கள் நம்பியது வெறும் மாவுக்கட்டி என்பது பின்னர் அரசாங்கப் பரிசோதனையில் தெளிவாயிற்று. ஆனால் அந்த முடிவு வருமுன்பே கடையும் அருகிலிருந்த பள்ளிவாசலும் தாக்கப்பட்டுவிட்டன. சில நாட்களுக்குள் கண்டி மாவட்டத்தின் திகனவில் கலகம் மூண்டு, முகநூல் முதலியவற்றை அரசாங்கமே தற்காலிகமாக முடக்கும் நிலை வந்தது. மறு ஆண்டு ஏப்ரல் 21ஆம் தேதி, ஈஸ்டர் திருநாள் அன்று, கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 260க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். மட்டக்களப்பின் சீயோன் தேவாலயத்தில் தமிழ்க் குழந்தைகள் பலர் இறந்தார்கள். அடுத்த மாதமே, குண்டு வைத்தவர்களோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் வடமேல் மாகாணத்தில் எரிந்தன.

காலரா ஓர் ஊரில் தோன்றினால் பக்கத்து ஊர் நகராட்சிக்கு உடனே தகவல் அனுப்புவதும், அந்த ஊர் கையாண்ட தடுப்பு முறையை இந்த ஊர் கேட்டறிந்து கையாளுவதும் உள்ளாட்சிகளின் பழைய மரபு. எந்தத் தெருவில் எந்தக் கிணறு கெட்டிருக்கிறது என்பது தலைநகரத்துக்குத் தெரியாது, தெருவுக்குத்தான் தெரியும். துவேஷத்தின் விஷயத்திலும் இதுவே உண்மை. அது எங்கோ பிறந்து எந்த வழியாகவோ வந்தாலும், முடிவில் வந்து இறங்குவது ஒரு தெருவில், ஒரு பள்ளிக்கூடத்தில், ஒரு டீக்கடையில். அந்த இடங்களை அறிந்தவர்கள் நீங்கள்.

நகரங்கள் தமக்குள் உறவு கொண்ட வரலாற்றில் எந்நாளும் நினைக்கத்தக்க ஒரு நிகழ்ச்சி யுத்த காலத்தில் நடந்தது. 1940 நவம்பர் 14ஆம் தேதி இரவு, இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகரத்தின்மேல் ஜெர்மானிய விமானங்கள் விடிய விடியக் குண்டு பொழிந்தன. 500க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நகரத்தின் நடுவே நின்ற பழமையான பேராலயம் எரிந்து, சுற்றுச்சுவர்களும் கோபுரமும் மட்டுமே எஞ்சின. அந்த ஆலயத்தின் தலைமைக் குருவான ரிச்சர்ட் ஹோவர்ட், அவ்வாண்டு கிறிஸ்துமஸ் தினத்தில் இடிபாடுகளுக்கு நடுவிலிருந்து வானொலியில் பேசியபோது, பழிவாங்கும் எண்ணத்தை நெஞ்சிலிருந்து அகற்ற வேண்டும் என்று தம் நாட்டாரைக் கேட்டுக்கொண்டார். பின்னர் ஸ்டாலின்கிராட் நகரம் அதே கதிக்கு உள்ளானபோது, கொவென்ட்ரியின் பெண்கள் 830 பேர் தங்கள் பெயர்களை ஒரு மேஜை விரிப்பில் நூலால் தைத்து, தாங்கள் திரட்டிய பணத்தோடு அந்த நகரத்துக்கு அனுப்பினார்கள். வீடிழந்த ஒரு நகரத்தின் பெண்கள், வீடிழந்த இன்னொரு நகரத்துக்கு எழுதிய கடிதம் என்றே அதைக் கொள்ள வேண்டும். 1944இல் இரண்டு நகரங்களும் சகோதர நகரங்களாயின. யுத்தம் முடிந்தபின் கொவென்ட்ரி தன்னை அழித்த தேசத்தின் கீல் நகரத்தோடும், நேசநாட்டு விமானங்கள் சாம்பலாக்கிய டிரெஸ்டன் நகரத்தோடு 1959இலும் அதே உறவை ஏற்படுத்திக்கொண்டது.

அந்த ஸ்டாலின்கிராடே இன்றைய வோல்கோகிராட். நம் சென்னை மாநகரமும் 1960களில் அதனோடு சகோதர நகரமாயிற்று. பின்னர் அமெரிக்காவின் டென்வர், சான் அன்டோனியோ நகரங்களோடும் அத்தகைய உடன்படிக்கை செய்துகொண்டது. ஆகவே நகரங்களின் சர்வதேச உறவு நமக்கு நூதனமான சங்கதி ஆகாது. அந்த உறவு மாலையோடும் பொன்னாடையோடும் நின்றுவிட்டது என்பதே குறை.

சடங்கிலிருந்து காரியத்துக்கு வந்த நகரங்களுள் நியூரம்பெர்க்கை முதலாவதாகச் சொல்லலாம். 1935இல் யூதர்களின் பிரஜா உரிமையைப் பறித்த சட்டங்கள் பிரகடனமான நகரம் அது. 1945ஆம் ஆண்டு இறுதியில் நாஜித் தலைவர்களின் மேல் விசாரணை தொடங்கியதும் அங்கேதான். அந்த அவமானத்தை மறைக்காமல் நேருக்குநேர் பார்த்த அந்நகரம், 1993இல் ஜெர்மானிய தேசிய அருங்காட்சியகத்தின் பக்கத்தில், தானி கரவான் என்னும் இஸ்ரேலியச் சிற்பியைக் கொண்டு, மனித உரிமைகளின் தெரு ஒன்றை அமைத்தது. உயர்ந்து நிற்கும் வெண்தூண்களின் வரிசையில், சர்வதேச மனித உரிமைப் பிரகடனத்தின் 30 ஷரத்துகளும், ஒவ்வொன்றும் ஜெர்மானிய மொழியிலும் உலகத்தின் வேறொரு மொழியிலுமாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு தூணுக்குப் பதிலாக ஓர் ஓக் மரம் நிற்கிறது. 2004 டிசம்பர் 10ஆம் தேதி, மனித உரிமை தினத்தன்று, யுனெஸ்கோவின் தூண்டுதலால் ஐரோப்பிய நகரங்கள் இனவாதத்துக்கு எதிரான கூட்டமைப்பை நிறுவியதும் அந்த நகரத்திலேயே. அக்கூட்டமைப்பின் பத்து அம்சத் திட்டத்தில் சேரும் நகரம், மேடைப் பிரசங்கத்தோடு நிற்க முடியாது. துவேஷச் சம்பவங்களைக் கண்காணித்துப் பதிவு செய்வது, பாதிக்கப்பட்டவர்களுக்குத் துணைநிற்பது என்பவற்றோடு, தன்னிடம் வேலை செய்பவர்களைத் தான் சமமாக நடத்துகிறதா, வீடும் கல்வியும் சேவையும் எல்லோருக்கும் ஒருபடித்தாகக் கிடைக்கின்றனவா என்று நகராட்சி தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும் அதில் அடங்கும். நூற்றுக்கு மேற்பட்ட நகரங்கள் இன்று அதில் சேர்ந்திருக்கின்றன.

ஆயினும் அதே நியூரம்பெர்க் நமக்கு ஓர் எச்சரிக்கையும் தருகிறது. 2000 செப்டம்பரில் அந்நகரத்தின் சாலையோரத்தில் பூ விற்றுக்கொண்டிருந்த துருக்கிய வம்சத்தவர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரோடு சேர்த்து 2006 வரை ஜெர்மனியின் பல நகரங்களில் சிறு வியாபாரிகளாகவும் தொழிலாளர்களாகவும் இருந்த குடியேறியவர்கள் ஒன்பது பேர் ஒரே துப்பாக்கியால் மாண்டார்கள். அவர்களில் மூவர் கொல்லப்பட்டது நியூரம்பெர்க்கில். கொன்றவர்கள் நாஜிக் கொள்கையினர் என்பது 2011 நவம்பரில்தான் வெளிப்பட்டது. அதுவரை விசாரணையாளர்கள், இறந்தவர்களின் குடும்பத்தாரையே சந்தேகித்து, கள்ளக்கடத்தலா, குடும்பப் பகையா என்று அந்த விதவைகளையும் பிள்ளைகளையும் குடைந்துகொண்டிருந்தார்கள். இனவெறியர்களின் வேலையாக இருக்கக்கூடும் என்று அக்குடும்பங்கள் சொன்னதைக் கேட்பாரில்லை. ஷரத்துகளைத் தூணில் பொறித்த நகரத்திலும், தெருவின் குரலுக்குச் செவிகொடுக்காதபோது அநீதி ஒரு தசாப்தத்துக்கு மேல் மறைந்து வாழ முடிந்தது. ஐக்கியத்தைப் பற்றிய தீர்மானம் நிறைவேற்றுவது சுலபம். பாதிக்கப்பட்டவன் வந்து சொல்லும்போது நம்புவதே கஷ்டமான காரியம்.

பெல்ஜியத்தின் இரண்டு ஊர்களின் கதை இன்னும் நெருங்கிப் பார்க்கத்தக்கது. பிரஸ்ஸல்ஸுக்கு வடக்கே வில்வோர்ட் என்னும் சிறு நகரம். அங்கிருந்து 15 கிலோமீட்டருக்குள் மெக்கெலன். ஒரே சட்டம், ஒரே மொழி, இரண்டிலும் மொராக்கோ முதலிய நாடுகளிலிருந்து வந்த குடும்பங்கள். சிரியாவின் யுத்தம் இளைஞர்களை ஈர்த்த ஆண்டுகளில், 40,000 பேர் அளவில் வாழும் வில்வோர்ட்டிலிருந்து இருபதுக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். அதைப்போல் இருமடங்கு பெரியதான மெக்கெலனிலிருந்தோ ஒருவரும் போகவில்லை என்று உலகப் பத்திரிகைகள் வியந்து எழுதின. 2001 முதல் மெக்கெலனின் மேயராக இருந்த பார்ட் சோமர்ஸ் பதவிக்கு வந்தபோது, குற்றங்கள் மலிந்து, கடைகள் மூடிக் கிடந்து, குடியேறியவர்களை வெறுக்கும் கட்சிக்கு வாக்குகள் குவிந்துகொண்டிருந்தன. அவர் போலீஸையும் பலப்படுத்தினார். கூடவே, ஏழைகளின் பேட்டைகளையும் கடைவீதியைப் போலவே பெருக்கிச் செப்பனிடச் செய்தார். குடியேறியவர்களின் பிள்ளைகள் மட்டுமே பயின்ற பள்ளிகளில் தங்கள் குழந்தைகளையும் சேர்க்குமாறு வசதியுள்ள பெற்றோரிடம் நகராட்சியே போய்ப் பேசி இணங்கவைத்தது. புதிதாக வந்த ஒருவரையும் ஊரில் நெடுநாள் வாழ்ந்த ஒருவரையும் ஜோடி சேர்த்து, சில மாதங்கள் ஒன்றாகப் பேசிப் பழகி, கடைகண்ணிக்கும் நூலகத்துக்கும் போய்வரச் செய்யும் ஏற்பாடும் அங்கே உண்டு. 2016இல் உலகச் சிறந்த மேயர் என்னும் பரிசு அவருக்குக் கிடைத்தது.

வில்வோர்ட்டும் சும்மா இருக்கவில்லை. அதன் அப்போதைய மேயரான ஹான்ஸ் போன்டே, மகனைப் பறிகொடுத்த தாய்மார்களை நேரில் சந்தித்து, ஆசிரியர்களையும் சமூகப் பணியாளர்களையும் போலீஸாரையும் மதப் பெரியோரையும் ஒரே மேஜையைச் சுற்றி உட்காரவைத்தார். 2014ஆம் ஆண்டுக்குப்பின் அந்த ஊரிலிருந்து புறப்பாடு ஏறக்குறைய நின்றது.

டென்மார்க்கின் இரண்டாவது பெரிய நகரமான ஓர்ஹுஸ் இதே அபாயத்தைச் சந்தித்த விதம் வேறு. 2012ஆம் ஆண்டின் இறுதியில், மகனைக் காணோம் என்று கவலையோடு பெற்றோர்கள் போலீஸ் நிலையத்துக்குத் தெரிவிக்கத் தொடங்கினார்கள். விசாரித்தால், பையன்கள் துருக்கி வழியாகச் சிரியாவுக்குள் போயிருந்தார்கள். 2013 வரை அவ்வாறு போனவர்கள் 30 பேர் அளவில் இருந்தார்கள். பல தேசங்கள் அத்தகையவர்களின் கடவுச்சீட்டைப் பறிப்பதையும் சிறையில் அடைப்பதையும் பற்றியே பேசிக்கொண்டிருந்த காலம் அது. ஓர்ஹுஸிலோ, பள்ளிக்கூடமும் சமூகநலத் துறையும் போலீஸும் சேர்ந்து வாலிபர்களைக் குற்றத்திலிருந்து காக்கும் கூட்டுமுறை 1970களிலிருந்தே டென்மார்க்கில் வழங்கிவந்தபடியால், அந்தப் பழைய வீட்டிலேயே ஓர் அறையைப் புதிதாகத் திறந்தார்கள். போலீஸ்காரரும் நகராட்சியின் சமூகப் பணியாளரும் ஒரே அலுவலகத்தில் உட்கார்ந்து, ஒரு தாயோ ஆசிரியரோ நண்பனோ சொல்லும் கவலையைக் கேட்டார்கள். கவலைக்குரிய பையனுக்கு வழித்துணைவர் ஒருவரை நியமித்தார்கள். அவர் வாரந்தோறும் அவனைச் சந்தித்து, அவன் ஏன் பள்ளியை வெறுக்கிறான், எந்த அவமானம் அவன் மனத்தில் தைத்திருக்கிறது, எந்த வேலைக்கு அவன் ஆசைப்படுகிறான் என்று விசாரித்துத் துணைசெய்தார்; தர்க்கம் செய்ய விரும்பினால் மதத்தைப் பற்றியும் அரசியலைப் பற்றியும் அவனோடு தர்க்கமும் செய்தார். பெற்றோருக்கென்று தனிக் கூட்டங்கள் நடந்தன. சிரியாவிலிருந்து திரும்பி வந்தவர்களில் குற்றம் புரிந்தவர்களை நீதிமன்றத்துக்கு அனுப்புவதில் தயவு காட்டவில்லை. குற்றம் நிரூபணமாகாதவர்களுக்குப் படிப்பையும் வீட்டையும் மனநல வைத்தியத்தையும் தேடிக்கொடுத்தார்கள். அந்த நகரத்துப் பல்கலைக்கழகத்தின் மனோதத்துவப் பேராசிரியரான பிரேபென் பெர்டெல்சென் இதற்கு அறிவுத்துணையாக நின்றார். 2014இல் அங்கிருந்து சிரியாவுக்குப் போனவர்கள் ஓரிருவரே. தன் மகன் எவ்வழியில் போகிறான் என்று அஞ்சும் ஒரு தாய், அவனைக் காட்டிக்கொடுத்தவளாக ஆகாமல் போய்ச் சொல்லத்தக்க ஓர் இடம் அந்த ஊரில் இருந்தது. அந்த முறையின் உயிர்நிலை அதுவே என்பது என் அபிப்பிராயம்.

இத்தகைய அனுபவங்கள் ஊரோடு ஊராக மறைந்துபோகாதபடி, 2015 செப்டம்பர் 29ஆம் தேதி, நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபையின் தலைமை ஸ்தலத்தில், வலிமையான நகரங்களின் வலையமைப்பு என்னும் ஸ்தாபனம் தொடங்கப்பட்டது. நியூயார்க்கும் ஆஸ்லோவும் அதன் தொடக்கத்தில் முன்னின்றன. 2016இல் துருக்கியின் அந்தால்யாவிலும், 2017இல் ஓர்ஹுஸிலும், 2018இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னிலும் மேயர்களும் நகராட்சி அலுவலர்களும் கூடினார்கள். டென்மார்க்கின் பொருளுதவியைக் கொண்டு, லெபனானில் திரிப்போலி, சைதா, மஜ்தல் அஞ்சர் ஆகிய ஊர்களிலும், ஜோர்டானில் இர்பித், ஸர்க்கா, கரக் ஆகிய ஊர்களிலும், ஆசிரியர்களும் மதப் பெரியோரும் சமூக ஊழியர்களும் நகராட்சியாரும் சேர்ந்த உள்ளூர்த் தடுப்புக் குழுக்கள் அமைந்தன. இவற்றுள் பல, சிரியாவிலிருந்து உயிர்தப்பி ஓடிவந்த அகதிகளால் நிரம்பிய ஊர்கள். தண்ணீருக்கும் வேலைக்கும் ஊராரும் அகதிகளும் போட்டியிடும்போது மனக்கசப்பு எங்கே பிறக்கிறது என்பதை எந்தத் தலைநகரத்து நிபுணரையும்விட அந்த ஊர்ப் பள்ளி ஆசிரியர் நன்றாக அறிவார்.

இவ்விடத்தில், உங்களில் சிலர் மனத்தில் எழக்கூடிய ஆட்சேபணையை நான் மதிக்கிறேன். தடுப்பு என்ற பெயரில் ஒரு சமூகத்தாரை மட்டும் குறிவைத்து உளவு பார்க்கும் ஏற்பாடாக இது மாறிவிடாதா என்பதே அந்த ஆட்சேபணை. மாறியதும் உண்டு. 2010ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்தில், முஸ்லிம்கள் பெருவாரியாக வாழும் இரண்டு பகுதிகளில் 200க்கு மேற்பட்ட கண்காணிப்புக் காமிராக்களைப் பொருத்தினார்கள். சிலவற்றை ஒளித்தும் வைத்தார்கள். சாதாரணக் குற்றங்களைத் தடுப்பதற்காக என்று குடியிருப்போரிடம் சொல்லப்பட்டது. பயங்கரவாதத் தடுப்பு நிதியிலிருந்து அதற்குப் பணம் வந்தது என்பது பின்னர் வெளிப்பட்டதும் ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள். காமிராக்களுக்கு உறை மாட்ட வேண்டியதாயிற்று. காவல்துறைத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். அடுத்த ஆண்டு எல்லாவற்றையும் கழற்றினார்கள். காமிராவைக் கழற்றிவிடலாம், போன நம்பிக்கையை அவ்வளவு விரைவில் மாட்டிவிட முடியுமா? ஓர்ஹுஸும் பர்மிங்ஹாமும் தடுக்க விரும்பியது ஒன்றையே. முதலாவது நகரம் பெற்றோரைத் துணையாளர்களாகக் கொண்டது. இரண்டாவது நகரத்தில் தெரு முழுவதும் சந்தேகத்துக்குரியதாயிற்று. இந்த வேறுபாட்டை அறிந்துகொள்வதற்காகவேனும் நகரங்கள் ஒன்றையொன்று படிக்க வேண்டும். வெற்றியைப் போலவே தோல்வியும் கடல் கடந்து போய்ச் சேர வேண்டிய செய்திதான்.

ஆஸ்லோவின் மறுமொழியையும் இங்கே சொல்ல வேண்டும். படுகொலை நடந்த மூன்றாம் நாள், சுமார் 2 லட்சம் பேர் கையில் ரோஜாப் பூக்களுடன் நகரத்தின் நடுவே கூடினார்கள். ஊத்தோயா தீவில் அன்று குண்டுகளுக்கு நடுவே ஏரியில் குதித்து நீந்தி உயிர்தப்பியவர்களுள் கம்ஷாஜினி குணரத்தினம் என்னும் இளம்பெண்ணும் ஒருவர். 1988இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து, மூன்று வயதில் பெற்றோரோடு நார்வேக்குச் சென்றவர். யுத்தத்திலிருந்து காப்பாற்றிக் கொண்டுபோன குழந்தையை, அமைதிக்குப் பெயர்பெற்ற நாட்டிலும் துப்பாக்கி துரத்தியது. அவர் அஞ்சி ஒதுங்கவில்லை. ஏற்கெனவே ஆஸ்லோ நகரமன்ற உறுப்பினராக இருந்த அவர், 2015இல் அந்த நகரத்தின் துணை மேயராகவும், 2021இல் நார்வே பாராளுமன்ற உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். குடியேறியவர்கள் நாட்டைக் கெடுக்கிறார்கள் என்று பிரகடனம் எழுதியவனுக்கு, குடியேறிய தமிழ்ப் பெண் ஒருத்தியைத் துணை மேயராக அமர்த்திய நகரம் அளித்த விடையைவிடத் தெளிவான விடை வேறென்ன இருக்க முடியும்?

வெறுப்பு ஊர்விட்டு ஊர் போவதைப் போலவே அன்பும் போகிறது. 2018 அக்டோபர் 27ஆம் தேதி, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில் யூதர்களின் ஜபாலயத்துக்குள் புகுந்த ஒருவன் 11 பேரைச் சுட்டுக் கொன்றான். அவர்களுடைய ஈமச் செலவுக்கும் காயம்பட்டவர்களின் வைத்தியத்துக்கும் முஸ்லிம்கள் முன்வந்து, சில நாட்களுக்குள் 2 லட்சம் டாலருக்கு மேல் திரட்டித் தந்தார்கள். ஐந்தே மாதம் கழித்துக் கிறைஸ்ட்சர்ச்சில் முஸ்லிம்கள் மாண்டபோது, பிட்ஸ்பர்க்கின் யூதர்கள் தங்கள் துக்கம் ஆறாத நிலையிலேயே பெருந்தொகை வசூலித்து அந்த நகரத்துக்கு அனுப்பினார்கள். இதற்கு எந்த அரசாங்கமும் உத்தரவு பிறப்பிக்கவில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். நம்மிடத்தில் துவேஷம் மதத்தின் உருவிலும் வரும். 1998 பிப்ரவரியில் குண்டுவெடிப்புகளால் கோயம்புத்தூர் பட்ட வேதனையை அந்நகரத்தார் மறக்க மாட்டார்கள். ஜாதியின் உருவில் அது தினந்தோறும் வந்துகொண்டிருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், நன்றாகப் படிக்கும் தலித் மாணவன் ஒருவனை, அவனோடு பயின்ற மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதையடுத்து அரசாங்கம் அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024இல் கொடுத்த அறிக்கையில், ஜாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் கையில் கட்டக் கூடாது என்றும் பரிந்துரைத்தது. பதினைந்து வயதுப் பையன் கையில் எந்த நிறத்துக் கயிறு ஏறியிருக்கிறது என்பதை மாநிலத் தலைநகரம் அறியும் முன்பே உங்கள் வார்டு அறியும். அந்தக் கயிறு ஏறிய நாளிலேயே அவனோடு உட்கார்ந்து பேச ஒருவர் வேண்டும். ஓர்ஹுஸ் நமக்குச் சொல்லும் செய்தி இதுதான்.

ஆகையால் உங்களிடம் என் விண்ணப்பங்கள் இவை. முதலாவதாக, உங்கள் நகராட்சியின் கீழுள்ள பள்ளிகளின் தலைமையாசிரியர், சமூகநல ஊழியர், காவல் நிலையத்தார், பெற்றோர் பிரதிநிதி ஆகியோர் மாதம் ஒருமுறை கூடுவதற்கு ஓர் அறையும், அதை நடத்த ஒரு பொறுப்பாளரும் ஏற்பாடு செய்யுங்கள். சந்தேகப் பட்டியல் தயாரிப்பது அங்கே நடக்கக் கூடாது. இரண்டாவதாக, எல்லா மதத்தாரும் எல்லாச் சமூகத்தாரும் நம்பும் பெரியோர்களின் பெயர்களையும் தொலைபேசி எண்களையும் முன்கூட்டியே திரட்டி வைத்துக்கொண்டு, வதந்தி கிளம்பிய அன்றே அவர்களோடு சேர்ந்து மேயரோ தலைவரோ ஜனங்களின் முன் வந்து உண்மையைச் சொல்லுங்கள். அம்பாறையில் மாவுக்கட்டியை மாவுக்கட்டி என்று உரிய நேரத்தில் உரத்துச் சொல்ல ஆளிருந்தால் அந்தக் கடை தப்பியிருக்கக்கூடும். 2022ஆம் ஆண்டின் விதிகளின்படி அமைந்த பகுதி சபைகளை விளக்குக்கும் சாக்கடைக்கும் மட்டுமின்றி இதற்கும் பயன்படுத்தலாம். மூன்றாவதாக, துவேஷத்துக்குப் பலியான குடும்பத்தின் வீட்டுக்கு, கட்சியையும் ஜாதியையும் பாராமல் மன்றம் முழுவதும் செல்லட்டும். அவர்கள் சொல்வதை முதலில் நம்பட்டும். நான்காவதாக, ஐரோப்பியக் கூட்டமைப்பின் பத்து அம்சங்களில் உள்ளபடி நகராட்சி தன்னைத்தானே சோதிக்கட்டும்: துப்புரவுப் பணி இன்னும் ஏன் ஒரு சாராரின் தலையிலேயே விடிகிறது, சுடுகாட்டுக்குப் போகும் பாதை எந்தத் தெருவுக்கு மட்டும் சேறாகக் கிடக்கிறது, தண்ணீர் லாரி எங்கே கடைசியாக வருகிறது என்னும் கேள்விகளுக்கு மன்றத்தின் பதிவேட்டில் பதில் எழுதட்டும். ஐந்தாவதாக, சகோதர நகரங்களுக்கு எழுதுங்கள். வெளிநாட்டு நகரத்தோடு உடன்படிக்கை செய்வதற்கு மத்திய, மாநில அரசாங்கங்களின் அனுமதி வேண்டும். ஆனால் ஓர்ஹுஸ் செய்ததைப் படிப்பதற்கும், மெக்கெலனுக்குக் கடிதம் எழுதிக் கேட்பதற்கும், மதுரையும் மட்டக்களப்பும் தங்கள் அனுபவங்களைத் தமிழிலேயே பரிமாறிக்கொள்வதற்கும் எந்தத் தடையும் இல்லை.

1992ஆம் ஆண்டின் 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகராட்சிகளுக்கு வகுத்த 18 காரியங்களின் அட்டவணையில் போலீஸ் இல்லை. ஆனால் பலவீனமான பிரிவினரின் நலத்தைக் காப்பதும், கல்வியையும் கலாசாரத்தையும் வளர்ப்பதும் அதில் இருக்கின்றன. அந்த அதிகாரம் போதும். வார்டில் யார் யாரோடு பேச்சை நிறுத்திக்கொண்டிருக்கிறார்கள் என்று கவனிப்பதும், அவர்களை மறுபடி பேசவைப்பதும் நீங்கள் ஏற்றுக்கொண்ட பதவியின் கடமைகளில் ஒன்று. அடுத்த மன்றக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்த விஷயத்தையும் ஒரு பொருளாகச் சேர்க்குமாறு உங்களை மிகுந்த வணக்கத்தோடு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
உங்களைத் தேர்ந்தெடுத்த பிரஜைகளுள் ஒருவன்